காலாங் முழக்கம்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையின் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் கடந்து, மீன்தலைக் கறியின் மணம் வீசும் ரேஸ் கோர்ஸ் சாலை வழியே சற்று நடந்தால், ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த ஃபேரர் பார்க் திடலை அடையலாம். பந்தயம் 1933இல் புக்கித் தீமாவுக்கு இடம் மாறிய பின்னர், அந்தப் புல்வெளி பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் காற்பந்துப் பள்ளிக்கூடமாக விளங்கிற்று. இன்னொரு பக்கம் திரும்பி நடந்தால், 1929ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பெற்ற ஜாலான் புசார் விளையாட்டரங்கம் வந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை காற்பந்து அபிமானியாவதற்குத் தனி முயற்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை அரங்கத்துக்குப் போனால் போதும், எஞ்சிய ஆயுட்காலத்துக்கும் அவனுடைய அணி எது என்பது அன்று மாலையே நிச்சயமாகிவிடும்.

அந்த அபிமானத்துக்கு ஆதாரமாக இருந்தது மலேசியக் கிண்ணப் போட்டி. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலில் இருந்தவர்கள் அன்பளிப்பாகத் தந்த கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய அந்தப் போட்டியில் முதன்முதலாக வாகை சூடியது சிங்கப்பூரே. 1965இல் சிங்கப்பூரும் மலேசியாவும் இரு வேறு தேசங்களான பிறகும், காற்பந்துத் திடலில் மட்டும் சிங்கப்பூர் மற்ற மாநிலங்களுக்கு நடுவே தானும் ஒரு மாநிலம்போல நின்று பொருதி வந்தது. ருசியெல்லாம் அதில்தான் இருந்தது. முன்பின் அறியாத தேசத்திடம் தோற்றால் இரண்டு நாளில் மறந்துவிடலாம். சிலாங்கூரிடம் தோற்றால், மறுநாள் காலையில் அம்மாநிலத்துக் கிள்ளானிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் மைத்துனருக்கு என்ன பதில் சொல்வது?

அப்படிப் பதில் சொல்ல முடியாமல் தவித்த காலைப்பொழுதுகள் அக்காலத்து ரசிகர்களுக்கு ஏராளம். 1975 முதல் 1981 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் சிங்கப்பூர் அணி இறுதிப் போட்டிக்குச் சென்றது. ஐந்து முறை தோற்றது. அந்த ஐந்து முறையும் தோற்றது சிலாங்கூரிடமே. ஆயினும், 1973 ஜூலையில் திறக்கப்பட்டு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொள்ளக்கூடியதாயிருந்த காலாங் தேசிய விளையாட்டரங்கத்தில் கூட்டம் குறையவில்லை. பிற்பகலிலேயே வந்து வரிசையில் நின்று, வாசலில் தட்டோடு நின்ற நம்மூர்க்காரரிடம் கச்சாங் பூத்தே வாங்கி, பழைய நோட்டுப் புத்தகத் தாளைச் சுருட்டிச் செய்த அந்தக் கூம்புப் பொட்டலத்தில் அவித்த கடலையின் வெதுவெதுப்பு உள்ளங்கையில் உறைக்க, பலகை இருக்கைகளில் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்தவர்கள், ஆட்டம் தொடங்கியதும் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமின்றி ஒரே குரலாக எழுப்பிய ஆரவாரத்துக்கே காலாங் முழக்கம் என்று பெயர் ஏற்பட்டது. தவறிழைத்த நடுவரை நோக்கி எல்லோரும் சேர்ந்து ‘ரெஃப்ரி காயு!’ (நடுவர் ஒரு மரக்கட்டை!) என்று கூவுவதும் அந்தச் சங்கீதத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது.

1977ஆம் ஆண்டின் வெற்றியை இன்றைக்கும் பெரியவர்கள் கண் கலங்காமல் சொல்வதில்லை. 1965க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கிண்ணம் கைக்கு எட்டவில்லை. முந்திய இரண்டு ஆண்டுகளும் இறுதிப் போட்டியில் தோல்வி. எல்லோரும் ‘அங்கிள் சூ’ என்றழைத்த சூ செங் குவீ என்ற பயிற்றாளர், கண்டிப்பும் வாத்ஸல்யமும் ஒருங்கே அமையப் பெற்ற மனிதர், அணியின் பொறுப்பை ஏற்றிருந்தார். காலில் ஏற்பட்ட புண் ஆறாமல் உபாதைப்பட்ட நிலையிலும் அவர் பயிற்சியை விடவில்லை. அந்தக் காலைப் பின்னர் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் பினாங்கை எதிர்த்து நடந்த இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்று, குவா கிம் சோங் அடித்த கோலினால் மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றவர்கள் தெருவுக்கு ஓடி வந்து, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டித் தழுவிக்கொண்டார்களாம். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்காதவனுக்கு அந்த ஆனந்தத்தின் முழுப் பரிமாணம் விளங்காது என்றே கருதுகிறேன்.

அந்த அணியின் தலைவர் சமது அல்லாபிச்சை. அவரோடு ஆடிய எஸ். ராஜகோபால், காற்றில் வளைந்து செல்லுமாறு பந்தை உதைப்பதில் பெயர் பெற்றவர். அதற்கு அடுத்த தலைமுறையில் வி. சுந்தரமூர்த்தி தோன்றினார். 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்கு ஆடச் சென்ற இந்தத் தமிழ் இளைஞரின் காலில் பந்து சேர்ந்துவிட்டால், அரங்கத்தில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். 1993இல் புருணைக்கு எதிரான ஆட்டத்தில், முதுகைத் தரைக்குக் காட்டியவாறு உடலை அந்தரத்தில் கிடத்தி, தலைக்கு மேலே வந்த பந்தைப் பின்புறமாக உதைத்து அவர் அடித்த கோலைப் பற்றி, சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்காவின் காப்பிக்கடைகளில் இன்றும் பேச்சு எழுவதுண்டு. அவ்வாறு பேசுகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு காலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு சொல்வார்கள்.

இனி நான் சொல்லப்போவது, தோல்வியைக் காட்டிலும் கொடியதான ஒரு துயரம். 1994 டிசம்பர் 17ஆம் தேதி, மலேசியாவை இணைக்கும் பாலத்தைக் கடந்து வாகனம் வாகனமாகச் சென்ற சிங்கப்பூர் ரசிகர்கள் ஷா ஆலம் அரங்கத்தை நிறைத்திருக்க, அப்பாஸ் சாட் மூன்று கோல்களும் அணித்தலைவர் ஃபாண்டி அகமது ஒரு கோலும் அடித்து, பகாங்கை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்று, சிங்கப்பூர் அணி கிண்ணத்தைக் கைப்பற்றிற்று. அதே ஆண்டில் லீக் பட்டமும் அதனுடையதே. இரண்டு மாதங்கள் சென்றன. ஆட்டங்களில் சூதாட்டமும் லஞ்சமும் புகுந்துவிட்ட விவகாரம் ஒருபுறமிருக்க, நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் இரு தரப்புச் சங்கங்களுக்கும் மனஸ்தாபம் முற்றி, 1995இன் தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டே விலகிக்கொண்டது. வெற்றியின் சிகரத்தில் நின்ற ரசிகனுக்கு, மறு வருஷம் சென்று பார்க்க ஆட்டம் இல்லை. கேலி செய்ய மைத்துனர் இருந்தார், கேலிக்குக் காரணம் இல்லை.

பேஸ்பால் ஆட்டத்தில் பித்துக்கொண்ட அமெரிக்காவிலும் இத்தகைய துக்கம் நேர்ந்ததுண்டு. நியூயார்க்கின் புருக்ளின் வட்டாரத்து மக்கள் தங்கள் டாட்ஜர்ஸ் அணி மகுடம் சூடுவதற்குப் பல்லாண்டு ஏங்கி, 1955இல் அதைக் கண்ணாரக் கண்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1957இன் ஆட்டங்கள் முடிந்த கையோடு, உரிமையாளர் அணியை லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கொண்டு போய்விட்டார். தோற்ற அணிக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையின் வட்டியிலேயே அபிமானி காலத்தை ஓட்டிவிடுவான். ஆடுவதற்கு அணியோ எதிராளியோ இல்லாமற்போனால், அந்த முதலே கரைந்துவிடுகிறது.

1996இல் எஸ்-லீக் என்ற உள்நாட்டுப் போட்டி ஆரம்பமாயிற்று. நல்ல முயற்சிதான், ஆனால் செம்பவாங்கும் தெம்பனீசும் மோதும்போது, ஒரு தீவு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பிள்ளைகள் தொலைக்காட்சியில் மான்செஸ்டர் யுனைடெட்டையும் லிவர்பூலையும் கண்டு, அவற்றின் சட்டைகளை அணிந்துகொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உயர்ந்த ஆட்டம் எங்கிருந்தாலும் அதை ரசிப்பது மனித சுபாவம். ஆயினும், பார்த்துப் பிடித்து எடுத்துக்கொண்ட அணி வேறு, பிறப்பால் வாய்த்த அணி வேறு. பின்னதன் தோல்வியில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதுபோல் நெஞ்சு குன்றுகிறது; அந்தக் குன்றல் இல்லாத இடத்தில் வெற்றியின் பூரிப்பும் அரைகுறையே.

இந்த வறண்ட காலத்திலும் விசுவாசம் கைவிடாதவர்களுக்கு அவ்வப்போது மழை பெய்தது. 1998இல் ஹனோயில் நடந்த, தென்கிழக்காசிய அணிகளுக்கான டைகர் கிண்ண இறுதி ஆட்டத்தில், ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு வலைக்குள் சென்ற பந்து, வியட்நாமைத் தோற்கடித்துச் சிங்கப்பூருக்கு முதல் வட்டார மகுடத்தைத் தேடித் தந்தது. 2004, 2007, 2012 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளிலும் அந்த வட்டார மகுடம் மீண்டும் கிட்டியது. பிறகு மீண்டும் வறட்சி. 2021ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில், அதே வட்டாரப் போட்டியில் இந்தோனேசியாவை எதிர்த்து நடந்த அரையிறுதியை மறக்க முடியாது. முதல் பாதியிலேயே ஒருவரும் இரண்டாம் பாதியில் இன்னொருவரும் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, ஒன்பது பேரோடு நின்ற அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியைத் தவறவிட்டது. கூடுதல் நேரத்தில் கோல் காவலர் ஹசான் சன்னியும் வெளியேற்றப்பட, முன்கள ஆட்டக்காரரான இக்சான் ஃபாண்டி கையுறை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்தின் கீழே நின்றார். நான்குக்கு இரண்டு என்று தோற்றார்கள். அன்று அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவ்வளவு பெருமிதத்தோடு தோற்ற அணியை நான் கண்டதில்லை.

2025 அக்டோபரில் நம்மவர்க்கு ஒரு விசேஷமான சோதனை வந்தது. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் ஒன்றையொன்று சந்தித்தன. காலாங்கின் புதிய அரங்கத்தில் இக்சான் அடித்த கோலால் சிங்கப்பூர் முன்னணியில் இருக்க, பத்துப் பேரோடு ஆடிய இந்தியா கடைசி நிமிஷத்தில் சமன் செய்துவிட்டது. அந்த ஆட்டத்துக்கு முந்திய நாட்களில், தேக்காவில் என் பக்கத்து மேசையில், ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞர், அங்கே வழக்கமாகத் தேநீர் அருந்தும் பெரியவரிடம், “ஐயா, நீங்க இந்தியாவுக்குத்தானே கைதட்டணும்?” என்று கேட்டார். “கிரிக்கெட்டுன்னா இந்தியா, தம்பி. பந்துன்னா நம்ம சிங்கப்பூர்தான்” என்று பெரியவர் தயங்காமல் சொன்னார். இருவரும் சேர்ந்தே ஆட்டத்துக்குப் போவதென்று அங்கேயே முடிவாயிற்று.

ஐந்து நாள் கழித்து, கோவாவில் நடந்த மறு ஆட்டத்தில் சோங் உய் யங்கின் இரண்டு கோல்களால் சிங்கப்பூர் வென்றது. நவம்பரில் ஹாங்காங் சென்று, ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு, ஷாவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் அடித்த கோல்களால் இரண்டுக்கு ஒன்று என்று ஜயித்தது. 1984இல் போட்டியை ஏற்று நடத்திய உரிமையால் பங்கேற்றதைத் தவிர, ஆசியக் கிண்ணத்துக்குச் சொந்தத் தகுதியால் சிங்கப்பூர் நுழைவது இதுவே முதல் தடவை. இல்ஹான், ஷா ஆலத்தில் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த ஃபாண்டியின் புதல்வர். தந்தைக்கு மகன் நிகராவாரா என்ற வாக்குவாதம் ரேஸ் கோர்ஸ் சாலையில் அன்றிரவே தொடங்கிவிட்டது. 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவுக்குப் போவதென்றால் விமானக் கட்டணம் எவ்வளவு ஆகும், முதலாளி விடுப்புத் தருவாரா, முழங்கால் வலியோடு அரங்கப் படிகளில் ஏற முடியுமா என்று பெரியவர்கள் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் என் பங்குக்கு மாதந்தோறும் ஒரு தொகையை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன்.