உஷார்! டிஸ்க் பிரேக் இருக்கிறது என்று நம்பி மலை இறங்காதீர்கள்

சேலம், நாமக்கல் பக்கம் மவுன்டன் பைக் ஓட்டுகிறவர்களே, வாங்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். ‘டிஸ்க் பிரேக் வண்டி சார், பிடிச்சா அப்படியே நிக்கும்’ என்று கடையில் சொல்வதை நம்பி ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பிவிடாதீர்கள். சக்கரத்தின் நடுவில் ஓட்டை போட்ட தகடு ஒன்று சுற்றுகிறது என்பதாலேயே அது மலைக்கு ஏற்ற பிரேக் ஆகிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

நம் சமவெளி பிரேக்கைச் சோதிப்பதே இல்லை. அதுதான் முதல் ஆபத்து. ராசிபுரம் சாலையிலோ சேந்தமங்கலம் சாலையிலோ காலையில் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டினாலும் பிரேக்கை நாம் பிடிப்பது ஒரு வேகத்தடைக்கு, ஒரு ஆட்டுக்கு, ஒரு டீக்கடைக்கு. மட்டமான பிரேக்கும் தரமான பிரேக்கும் அங்கே ஒன்றுபோலத்தான் வேலை செய்யும். ஆறு மாதம் ஓட்டி, ‘நம்ம வண்டி பிரேக் சூப்பர்’ என்ற நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை அடிவாரமான காரவள்ளிக்குப் போகிறோம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்துக்காரர்களுக்கு அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் ஏற்காடு அடிவாரம்; அங்கே 20 வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த 1,200 மீட்டரையும் ஒரே மூச்சில் இறங்க வேண்டும். ஏறும்போது பிரேக்குக்கு வேலையே கிடையாது. இறங்க ஆரம்பித்த பிறகுதான் அதன் லட்சணம் தெரியும். அப்போது தெரிந்து பிரயோசனம் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 9 லட்சத்து 30 ஆயிரம் ஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. நேர் சாலையில் வேகமாகப் போனால் கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாகத்தான் போக முடியும் என்பதால் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான் விழும். அந்தச் சூட்டைத் தாங்க அங்கே இருப்பது இரண்டே தகடுகள். 160 மி.மீ. தகடு ஒன்றின் எடை நூறு கிராமுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான்.

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறிய கியரிலேயே இறங்கு, இன்ஜின் பிடியில் வண்டியை விடு, பிரேக்கைச் சூடாக்காதே என்பதைக் கிளீனராக இருக்கும்போதே கற்றுக்கொண்டு விடுவார்கள். சைக்கிளில் இன்ஜின் கிடையாது. கியரை எத்தனை மாற்றினாலும் இறக்கத்தில் அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக் மட்டுமே கதி.

இதில் கிராஸ் கன்ட்ரி வண்டி வாங்குகிறவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி என்பது 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலிருந்து நடக்கும் பந்தய வகை. நான்கைந்து கிலோமீட்டர் மண் பாதையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அதில் இறக்கங்கள் செங்குத்தாக இருந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடும். அடுத்த ஏற்றத்தில் தகடு ஆறிவிடும். அதனால்தான் எடையைக் குறைக்கச் சின்னத் தகடு, இரண்டு பிஸ்டன் காலிப்பர் (தகட்டைக் கவ்வும் பகுதி) என்று அந்த வண்டிகளை அமைக்கிறார்கள். பந்தயத்துக்கு அது சரி. ஆறவே இடைவெளி இல்லாத மலைச்சாலைக்கு அதே அமைப்பை அப்படியே கொண்டுபோவது தவறு. ‘லைட் வெயிட்’ என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னத் தகட்டைத் தேடி வாங்காதீர்கள்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? முதலில் கருகல் நாற்றம். அடுத்து, காலிப்பருக்குள் தகட்டை உரசிப் பிடிக்கும் பேடின் முகம் கண்ணாடிபோல இறுகிப் பளபளத்துவிடும். எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். தகடு நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தால் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் பிரேக்காக இருந்து உள்ளே எண்ணெய் கொதித்துவிட்டால் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழியை அமுக்கலாம், அதனால் பேடைத் தள்ள முடியாது. லிவர் பஞ்சுபோல ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் நீங்கள் எத்தனையாவது வளைவில் இருப்பீர்கள் என்று யோசியுங்கள்.

எண்ணெய் என்றதும் நான் மிகவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். லிவர் தளர்ந்துவிட்டது என்று பக்கத்து டூவீலர் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அவரிடம் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில். மோட்டார் சைக்கிளுக்கு அது சரியான சரக்கு. ஆனால் சைக்கிள் பிரேக்குகள் இரண்டு சாதி. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா போன்றவை மினரல் ஆயிலில் ஓடுபவை. ஸ்ராம் நிறுவனத்தின் பிரேக்குகளில் பல டாட் ஆயிலில் ஓடுபவை. அதே நிறுவனம் மினரல் ஆயில் பிரேக்குகளும் செய்கிறது. ஒன்றின் எண்ணெயை இன்னொன்றில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் உப்பும் அல்லது இற்றுப்போகும். கொடுமை என்னவென்றால், ஊற்றிய அன்று லிவர் கல்லாட்டம் இருக்கும். ‘அருமையா செட் ஆயிடுச்சு’ என்று சந்தோஷமாக வீட்டுக்கு வருவீர்கள். நாள் போகப் போகத்தான் பிஸ்டன் இறுகும், எண்ணெய் கசியும். அதன் பிறகு கழுவி ஊற்றினாலும் அந்த பிரேக்கை நம்ப முடியாது, முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான். உங்கள் லிவரின் மூடியில் எந்த எண்ணெய் என்று பொறித்திருக்கும். படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் மாடல் பெயரை வைத்து விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வரை யாரையும் திறக்க விடாதீர்கள்.

டாட் ஆயிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அதே எண்ணெய்க்கு விதி 155 டிகிரிதான். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்வது இதனால்தான். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்தால் அது கலக்காமல் காலிப்பரின் அடியில் போய்த் தங்கும், 100 டிகிரியிலேயே கொதிக்கும்.

எண்ணெயே இல்லாத கேபிள் டிஸ்க் பிரேக் பற்றிப் பேசலாம். விலை குறைந்த வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். காலிப்பரின் மேல்பக்க இடுக்கு வழியாக உற்றுப் பாருங்கள். பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பேடும் நடுவில் தகடும் தெளிவாகத் தெரியும். லிவரைப் பிடித்தால் ஒரு பேடு மட்டும் நகர்ந்து, தகட்டை வளைத்துக் கொண்டுபோய் மறுபக்கத்துப் பேடில் அழுத்துகிறதா? அப்படியானால் அது ஒருபக்கப் பிஸ்டன் பிரேக். அசையாத அந்தப் பேடு தேயத் தேய நாம்தான் கையால் திருகி உள்ளே தள்ள வேண்டும். யாரும் செய்வதில்லை. எண்ணெய் பிரேக் பேடின் தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும்; கேபிள் பிரேக்குக்கு அந்த வசதி கிடையாது. நீண்ட இறக்கத்தில் பேடு தேய்ந்துகொண்டே வரும், லிவர் கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்டில்பாரை நோக்கி வந்துகொண்டே இருக்கும். பாதி மலையில் விரல் நசுங்கும் அளவுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் இழுக்க இடமில்லை. மட்டமான கேபிள் டிஸ்கைவிட சக்கர விளிம்பைப் பிடிக்கும், நன்றாக செட் செய்த வி-பிரேக் எவ்வளவோ மேல் என்பது என் தீர்மானமான கருத்து. டிஸ்க் என்ற பெயருக்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

தகட்டையும் பாருங்கள். சில தகடுகளில் ‘ரெசின் பேடு ஒன்லி’ என்று பொறித்திருப்பார்கள். அதில் உலோக பேடு போட்டால் பேடு தகட்டை அரித்துத் தின்றுவிடும். ஷிமானோ தகடுகள் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். விரல் நகத்தை வைத்து வெளி விளிம்பைத் தடவுங்கள், தகடு ஆறியிருக்கும்போது மட்டும். நகம் படியில் இறங்குவதுபோல் தட்டினால் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். பேடில் தேயும் பகுதி அரை மி.மீ.க்கு வந்துவிட்டால் அந்த பேடு முடிந்தது.

நம் ஊரில் இன்னொரு வம்பு, வாட்டர் வாஷ். மோட்டார் சைக்கிளைக் கழுவிவிட்டு மினுமினுப்புக்காக டீசல் அடிப்பார்கள். அதே கையோடு சைக்கிளுக்கும் ஒரு அடி அடித்தால் பேடு எண்ணெயைக் குடித்துவிடும். கத்தும், பிடிக்காது. தகட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் சுத்தமாகும். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

காரில் வைத்து அடிவாரம் வரை கொண்டுபோகிறவர்கள் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவார்கள். சக்கரத்தை அச்சில் இறுக்கும் குயிக் ரிலீஸ் லிவரைக் கவனியுங்கள். 2015 ஏப்ரலில் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. சரியாக மூடாத லிவர் தகட்டில் சிக்கி முன்சக்கரத்தை நிறுத்திவிடும் ஆபத்துதான் காரணம். அதே ஆண்டு வேறு பல நிறுவனங்களும் அதே லிவருக்காகத் திரும்ப அழைத்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள், லிவரைத் திறந்து சுழற்றி, தகட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். சக்கரம் கழற்றியிருக்கும்போது பிரேக் லிவரை அழுத்தாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்துவிடும். தலைகீழாகக் கிடத்திக் கொண்டுபோனால் எண்ணெய்த் தொட்டியில் இருக்கும் காற்று குழாய்க்குள் இறங்கக்கூடும். இறக்கி நிமிர்த்தியதும் லிவரைப் பலமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

எதை வாங்குவது? மலை ஏறும் எண்ணம் துளி இருந்தாலும் எண்ணெய் பிரேக் வண்டியாகவே எடுங்கள். ஷிமானோவின் எம்டி 200 போன்ற ஆரம்ப நிலை செட் போதும். பெரிய விலைக்குப் போக வேண்டியதில்லை. முன்னால் 180 மி.மீ. தகடு, பின்னால் 160. 180 என்றால் அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும், சூடு ஆறவும் கூடுதல் உலோகம் இருக்கும். உங்கள் ஃபோர்க் எந்த அளவு வரை தாங்கும் என்பதை முதலில் கேளுங்கள். 90 கிலோவைத் தாண்டியவர்கள் பின்னாலும் 180 போடுங்கள், முடிந்தால் முன்னால் நான்கு பிஸ்டன். டிஸ்க் மாட்டும் இடமே இல்லாத ஃபிரேமில் கிளாம்ப் வைத்து மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புது பேடு போட்டு நேராக மலைக்குப் போவதும் ஆபத்து. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் 20, 25 கி.மீ. வேகத்தில் போய், நடை வேகம் வரும்வரை அழுத்திப் பிடித்து விடுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை. அதன் பிறகுதான் பேடும் தகடும் பழகிப் பிடிக்கும்.

இறங்கும்போது லிவரைப் பிடித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு விட்டு ஆற விடுங்கள். நாற்றம் வந்தால், லிவர் ஆழமாகப் போனால், அந்த இடத்திலேயே ஓரங்கட்டுங்கள். தகட்டைத் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ படிக்கும் பையன் நண்பர்களோடு கொல்லிமலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்றால் தடுக்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை அவன் வண்டியின் இரண்டு லிவரையும் நீங்களே ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனாலோ ஹேண்டில்பாரைத் தொட்டாலோ அந்த வண்டி மலைக்குப் போகக் கூடாது.