தண்டவாளம் வாங்கும் முன் ஒரு வரைபடம்

மாதிரி ரயில் அமைக்க ஆசைப்படுபவர்கள் தண்டவாளம் வாங்கும் முன் கணினியில் வரைந்து பார்த்தால் வீண்செலவு குறையும். இதற்கு உதவும் எக்ஸ்ட்ராக்கேட் இலவச மென்பொருள். எனிரெயில் என்ற மற்றொரு மென்பொருளின் இலவசப் பதிப்பில் 50 தண்டவாளத் துண்டுகள் வரை வைக்கலாம்.

முதலில் ரயில் அமைக்கும் பலகையின் நீள அகலத்தைக் கொடுக்க வேண்டும். அடுத்தது அளவு விகிதம்: எச்.ஓ. என்றால் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பிறகு துண்டுகளை இழுத்துப் பொருத்தலாம்.

மார்க்லின் நிறுவனத்தின் சி வகைத் தண்டவாளத்தில் 360 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுகள் 12 சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதன் விட்டமே 72 சென்டிமீட்டர். 70 சென்டிமீட்டர் பலகையில் அது அடங்காது என்பது திரையிலேயே தெரிந்துவிடும்.

ஏற்றத்துக்கும் கணக்கு உண்டு. பாதை 9 சென்டிமீட்டர் உயர, 3 சதவீதச் சரிவில் 3 மீட்டர் நீளம் வேண்டும். சரிவைக் கூட்டினால் இன்ஜின் திணறும்.

திட்டம் முடிந்ததும் முழு அளவில் அச்சிட்டு, பலகையில் ஒட்டி, அதன்மேலேயே தண்டவாளம் பதிக்கலாம்.