காத்திருக்கத் தெரிந்த உடம்பு

பர்மிய மலைப்பாம்பின் குட்டி முட்டையிலிருந்து வெளிவரும்போது அரை மீட்டர் சொச்சம்தான் இருக்கும். கையில் சுற்றிக்கொள்ளும், சத்தம் போடாது, வாரத்துக்கு ஓர் எலி கொடுத்தால் போதும். நாயை வெளியே கூட்டிப்போக நேரமில்லாத அமெரிக்கர்களுக்கு இதைவிடத் தோதான செல்லப்பிராணி ஏது? 1996க்கும் 2006க்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 99 ஆயிரம் பர்மிய மலைப்பாம்புகள் அந்த நாட்டுக்குள் இறக்குமதியாயின. நன்றாகத் தீனி போட்டால் குட்டி ஓராண்டில் இரண்டு மீட்டரைத் தொட்டுவிடும். அப்புறமும் வளரும். எலி போய் முயல் வரும். கண்ணாடித் தொட்டி போய் தனி அறையே தேவைப்படும். வீட்டில் ஒரு கைக்குழந்தையும் வந்துவிட்டால் பாம்புக்கு வேறிடம் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பாம்பு வளர்ப்பது சுலபம் என்று தோன்ற வைப்பதே அதன் உடம்புதான். மாதக்கணக்கில் இரை கிடைக்காத மலைப்பாம்பின் குடல் சுருங்கி, ஆடி மாதத்துக் கல்யாண மண்டபம்போல் பூட்டிக் கிடக்கும். வயிற்றில் அமிலச் சுரப்புகூட நின்றுபோயிருக்கும். இரை உள்ளே இறங்கியதுமே எல்லாம் மாறுகிறது. அமிலம் ஊறத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பெரிய இரையாக இருந்தால் வளர்சிதை மாற்றம் ஓய்வு நிலையைவிட 40 மடங்குவரை எகிறுகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இரை விழுங்கிய 48 மணி நேரத்தில் இதயக் கீழறையின் எடை 40 சதவீதம் கூடியிருந்தது. செரித்து முடிந்ததும் உறுப்புகள் பழையபடி சுருங்கிவிடும். அடுத்த இரை எப்போது வருமோ, அதுவரை சும்மா இருக்கும் உறுப்புகளுக்குத் தீனி போட்டு மாளாது என்பது அந்த உடம்பின் கணக்கு.

இதய நோய் ஆராய்ச்சியாளர்கள் இதை விடுவார்களா? இரை தின்ற மலைப்பாம்பின் ரத்தத்தில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருப்பதைக் கொலராடோ பல்கலைக்கழகக் குழு 2011இல் கண்டுபிடித்தது. அதே கலவையைச் சுண்டெலிக்குச் செலுத்தியபோது சுண்டெலியின் இதயமும் நோயில்லாமல் பெருத்தது.

இப்படி ஓர் உடம்பை, ‘பாவம், காட்டில் பிழைத்துக்கொள்ளட்டும்’ என்று சதுப்பு நிலத்து ஓரமாக இறக்கிவிட்டால், நிஜமாகவே பிழைத்துக்கொள்ளும். புளோரிடாவின் எவர்கிலேட்ஸில் நடந்தது அதுதான். பட்டினி அதற்குப் பழக்கம், வெயிலும் தண்ணீரும் சொந்த ஊரைப்போல. 2000 வாக்கில் அங்கே மலைப்பாம்புகள் குஞ்சு பொரித்துப் பெருகி நிலைத்துவிட்டன என்பது உறுதியானது. அவை அதிக காலம் குடியிருந்த தெற்குப் பகுதியில் இரவில் சாலையோரம் தென்படும் ரக்கூன்கள் 99.3 சதவீதமும், ஒப்போசம்கள் 98.9 சதவீதமும் குறைந்திருந்ததாக 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. பாம்பு மீது காட்டிய இரக்கத்துக்கு விலை கொடுத்தவை இவைதான்.

பிரிந்துபோனவரைப் பாம்பு தேடுமா என்பது வளர்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. நாக்கை நீட்டி நீட்டி இழுக்கிறதே, அப்போது காற்றிலும் தரையிலும் இருக்கும் வாசனைத் துகள்களை அள்ளி, மேலண்ணத்தில் உள்ள ஜேகப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகிறது. வாசனையில் உலகை அறியும் பாம்பிடம் பாசத்தை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். ஆனால் இடம் மறக்காது. எவர்கிலேட்ஸில் பிடித்த ஆறு மலைப்பாம்புகளுக்கு ரேடியோ கருவி பொருத்தி, பிடித்த இடத்திலிருந்து 21 முதல் 36 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். ஐந்து பாம்புகள் திரும்பிவந்து, பழைய இடத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் சேர்ந்துவிட்டன. சில பாம்புகளுக்கு மாதக்கணக்கில் ஆனது. 2014இல் இது வெளியாகும்வரை, பாம்புக்கு இவ்வளவு தூரம் திசை தெரியும் என்று யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் புல்லோடு புல்லாக மறைந்துவிடும் இந்தப் பாம்புகளைத் தேடப் புளோரிடாக்காரர்கள் 2017இல் அழைத்தது, பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த நம்மூர் இருளர்களை. செங்கல்பட்டுப் பக்கத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்புகள். அதில் ஒன்று, கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு. இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது புளோரிடாவில் வளர்க்க முடியாத அயல்நாட்டுப் பிராணிகளை அரசிடமே ஒப்படைக்கலாம். அபராதம் இல்லை, வழக்கும் இல்லை. தகுதி பார்த்து வைத்திருக்கும் வேறு ஆட்களுக்கு அவை போய்ச் சேரும். என்னைக் கேட்டால், பாம்பை நாட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்று தடை போடுவதைவிட இதுதான் மனித சுபாவம் தெரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு.

நீளம் மட்டும் பிரச்சினையென்றால் பந்து மலைப்பாம்பு வாங்கலாம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டியில் அடைத்துக் கடத்திவந்து பிடிபடுவதும் இதுதான். ஆனால் இதில் ஆயுள் என்று ஒன்று இருக்கிறது. இருபது வயதில் வாங்குகிறவர், தமக்கு எண்பது ஆகும்போது அதற்கு யார் எலி போடுவது என்றும் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்துக்கு 1961இல் ஒருவர் தம் வீட்டுப் பந்து மலைப்பாம்பைக் கொடுத்தார். கென்னடி அதிபரான ஆண்டு அது. 2020 ஜூலை 23 அன்று அந்தப் பாம்பு ஏழு முட்டை இட்டது. அப்போது அதற்கு 62 வயதாவது இருக்கும் என்பது காட்சியகத்தின் கணிப்பு. ஆண் துணை அருகில் வந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆணின் விந்தணுவை உடம்புக்குள் நெடுங்காலம் சேமித்து வைக்கவும் பாம்புகளால் முடியும். ஆணே இல்லாமல் கன்னி இனப்பெருக்கம் செய்யவும் முடியும். எது நடந்தது என்று பார்க்க இரண்டு முட்டைகளை மரபணுச் சோதனைக்கு எடுத்தார்கள். இரண்டில் கரு இறந்துவிட்டது. மீதி மூன்றை அடைகாப்புப் பெட்டியில் வைத்தார்கள்.