ஆபத்தும் அழிவும்: ஓர் ஆங்கில வினைச்சொல்

ஆங்கிலத்தில் ‘ஜெப்பர்டைஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. மாணவர் அகராதியைப் புரட்டி, ‘ஆபத்துக்குள்ளாக்குதல்’ என்று பொருள் எழுதிக்கொள்வர். பிழையன்று, ஆயினும் அவ்வளவில் நின்றுவிட்டால் சொல்லின் உயிர் நம் கைக்கு எட்டாது. தீவகத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருபவன் என்ற முறையில், இதனைச் சற்று விரித்து நோக்க விரும்புகின்றேன்.

இச்சொல் பிறந்த இடம் ஆட்டக்களம். பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஜூ பார்த்தி’ என்றால் இருகூறாகப் பிரிந்த ஆட்டம். வெற்றியும் தோல்வியும் சரிநிகராய் நிற்கும் நிலை. கவிஞர் சாசர் காலத்தில் சதுரங்கச் சிக்கல்களையும் இப்பெயர் குறித்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘ஜெப்பர்ட்’ என்னும் குறுகிய வினைவடிவம் காணப்படுகின்றது. 1828இல் பேரகராதி வெளியிட்ட அமெரிக்கர் நோவா வெப்ஸ்டர், நீண்ட வடிவம் பயனற்றதென ஒதுக்கினார். இன்று வழக்கில் நிலைத்திருப்பதோ அவர் ஒதுக்கிய வடிவமே! அகராதிகாரர் சொல்லை உலகம் எப்போது கேட்டது?

தமிழிலும் இக்கருத்துக்குச் சூதாட்டமே சொல் தந்திருக்கின்றது. ‘உயிரைப் பணயம் வைத்தான்’ என்கிறோமல்லவா? தருமன் நாட்டையும் தம்பியரையும் பணயம் வைத்த கதை திண்ணைகளில் கேட்டு வளர்ந்தவர் நாம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பணயம் வைப்பவன் அறிந்தே வைக்கின்றான். ஆங்கில வினைக்கு அவ்வறிவு வேண்டியதில்லை.

இதனை விளக்க நம் கிணறுகளைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. தீவுகளின் சுண்ணக்கற் பாறையில் ஊறும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவர வழி பிறக்கின்றது. இயந்திரம் வைத்து இறைப்பவர் அயலவரின் கிணற்றைக் கெடுக்க நினைப்பவரல்லர். தம் பயிருக்கு நீர் விடுகின்றார், அவ்வளவே. ஆயினும் ஊர்க் கிணறுகளை அவர் ‘ஜெப்பர்டைஸ்’ செய்கின்றார். பணயம் வைத்தார் என்று அவரைச் சொல்வது அநீதி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்கிணறு இன்னும் உவர்க்கவில்லை. உவர்த்தபின் இவ்வினை பொருந்தாது. ‘கெடுத்தார்’ என்றே சொல்லவேண்டும். மாணவர் பெரிதும் இடறுவது இவ்விடத்திலேதான். தமிழில் ‘ஆபத்து விளைவித்தான்’ என்னும்போது, தீங்கு நேர்ந்துவிட்டது போலவும் தொனிக்கின்றது. அத்தொனியோடு ஆங்கிலத்துக்குப் போகின்றார்கள்.

அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிக் காற்றுக்காலத்தில் நெடுந்தீவுக்குப் படகு விடுபவன் பயணிகளின் உயிரை ஆபத்துக்குள்ளாக்குகின்றான். படகு பத்திரமாய்க் கரை சேர்ந்தாலும் அவ்வாக்கியம் மெய்யே. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த ‘குமுதினி’ப் படகிலோ, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதைப்பற்றி எழுதப் புகும் மாணவன், ‘உயிர்கள் ஆபத்துக்குள்ளாயின’ என்று எழுதினால் நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அங்கே உயிர்கள் பறிக்கப்பட்டன. மென்மையான சொல்லைத் தேடுவது இலக்கண வழுவைவிடப் பெரிய வழு என்பது என் துணிபு.

பயன்பாட்டிலும் சிறு நுட்பம் உண்டு. ஆளையோ அருகிவரும் உயிரினத்தையோ சொல்லுமிடத்து ‘என்டேஞ்சர்’ என்பதே பெருவழக்கு. ‘ஜெப்பர்டைஸ்’ என்பதோ வாய்ப்பு, பதவி, பேச்சுவார்த்தை, எதிர்காலம் முதலியவற்றையே பெரும்பாலும் நாடும். தமிழாக்குவோர் பின்னதற்கு ‘இடருக்குள்ளாக்குதல்’ என்றும், அறிந்து செய்யுமிடத்து மட்டும் ‘பணயம் வைத்தல்’ என்றும் வழங்கலாம்.