பழைய காருக்கு ஒரிஜினல் பாகம்: நியாய விலை எது?

கிளிநொச்சி உருத்திரபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் இன்றும் பழைய பிரித்தானியக் கார்களைத் திருத்தியெடுக்க விரும்புவோர் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்யப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ரிங், பெயரிங் தேயும். எனவே முதல் தேடல் என்ஜின் பாகங்களுக்கே.

இங்கேதான் காசு வீணாகிறது. மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 918, 803, 948, 1098 சீசீ என நான்கு என்ஜின்கள் அதற்கு வந்தன. ஒன்றின் பிஸ்டன் மற்றதற்குப் பொருந்தாது. என்ஜின் இலக்கத்தைக் குறித்து, கழற்றிய பாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டே கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள்.

அங்கே "ஒரிஜினல்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சரக்கு இருக்கும்: பாவிக்காத பழைய கம்பனிப் பாகம், வேறு காரில் கழற்றியது, அதே அச்சில் புதிதாகச் செய்தது. மூன்றுக்கும் ஒரே விலை நியாயமல்ல.

புதிதாகச் செய்தது என்பதற்காக மட்டம் என்றும் எண்ண வேண்டாம். 1991இல் இங்கிலாந்தின் சார்ள்ஸ் வெயார் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, மொரிஸ் மைனர் பாகங்களை நம் நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கினார். பிரேக் றப்பர்களைப் பொறுத்தவரை புதியதே பாதுகாப்பு. பழையது பெட்டிக்குள் இருந்தே இறுகிப்போகும்.

விற்கும் சகோதரர்களே, எந்த வகை என்பதை பில்லில் எழுதிக் கொடுங்கள். குறையைச் சொல்லி விற்பதே மார்க்கம் கற்றுத்தந்த வியாபாரம். பழைய கார் வைத்திருப்பவர் ஒருமுறை வாங்கிவிட்டுப் போகிறவரல்லர். நம்பினால் ஆண்டுக்கணக்கில் உங்கள் கடைக்கே வருவார்.