செம்பில் உழுத முகம்

றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தோழர் ஒருவருடன் தப்பி, அருவி ஆற்றங்கரைக் காட்டுக்குள்ளால் நடந்து, 1679 ஒக்டோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் வரைபடத்தில் கயிலை வன்னியனின் நாடு என்று நம் வன்னியும் இருக்கிறது!

நொக்ஸின் பெயர் தெரிந்த பலருக்கு, அவர் முகத்தை நமக்குத் தந்தவரைத் தெரியாது. அவர் பெயரும் றொபேட்தான்: றொபேட் வைட். 1645இல் இலண்டனில் பிறந்தவர்; டேவிட் லோகன் என்பவரிடம் தொழில் பழகியவர். ஆளை எதிரே இருத்திப் பென்சிலால் வரைவார், பிறகு அதைச் செம்பில் செதுக்குவார். நொக்ஸின் படத்தைச் செய்தது 1695இல். கமெரா வர இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் கிடந்தது.

எப்படிச் செதுக்கினார்? பியூரின் என்ற கூரிய உருக்கு உளியை வழவழப்பான செப்புத் தகட்டில் வைத்துத் தள்ளுவார்கள். வயலில் ஏர் போவதுபோல உளி சால் பிடித்துக்கொண்டு போகும். தகடு முழுக்க மையைப் பூசி, மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டால், சாலுக்குள் மட்டும் மை தங்கும். மேலே ஈரக் கடதாசியை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்துவார்கள். நனைந்து மெதுமையான கடதாசி சாலுக்குள் இறங்கி மையை எடுத்துவிடும். அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால், பெயரைக்கூடத் தகட்டில் தலைகீழாக அல்ல, இடவலம் மாற்றி வெட்டவேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

இதில் சாம்பல் நிற மையே கிடையாது. கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் மெல்லிய கோடுகள், தள்ளித் தள்ளி. நிழலில் ஆழமான கோடுகள், நெருக்கமாக, குறுக்கும் மறுக்குமாக. கொஞ்சம் தள்ளி நின்றால் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய நம் கண்ணால் முடியாது. கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகத் தெரியும். புது ரூபாய்த் தாளை விரலால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்படும் கோடுகள் இதே முறையில் அச்சானவை.

நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் மூன்றாவது றொபேட்: உயிர்க்கலத்துக்குப் பெயர் வைத்த விஞ்ஞானி றொபேட் ஹூக். நுணுக்குக்காட்டியில் தெள்ளுப்பூச்சியைப் பார்த்து அவ்வளவு நுட்பமாக வரைந்தவர். அவருடைய முகம் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய படம் ஒன்றுகூட இன்று இல்லை.