அரிப்பு நிற்கும், படர்தாமரை நிற்காது

ஏற்காட்டில் ஜூனில் மழை பிடித்தால் வருடக் கடைசி வரை துணி காய்வது பெரும்பாடு. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்கு வந்துவிடும். நடுவில் வெயில் தலைகாட்டினாலும் மூடுபனி விடாது. காப்பித் தோட்டத்தில் களை எடுப்பவர்களும், நவம்பரிலிருந்து பழம் பறிப்பவர்களும் நனைந்த செடிகளுக்குள் இடுப்பளவு புகுந்து நாள் முழுக்க வேலை பார்க்கிறார்கள். ஈரப் பாவாடையின் நாடா இறுகிய இடுப்பு, தொடை இடுக்கு, பூட்ஸுக்குள் ஊறிப்போன கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில்தான் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் முதலில் வரும்.

வந்தால் என்ன செய்கிறோம்? நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்து சேலம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே கால் நேராக மெடிக்கலுக்குப் போகிறது. “அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க.” அவரும் ஒரு டியூபை எடுத்து நீட்டுவார். தடவிய இரண்டு மூன்று நாளில் அரிப்பு பறந்துவிடும். சிவப்பும் மங்கும். ‘நல்ல மருந்து’ என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதையே சொல்லி அனுப்புவோம். டியூப் தீர்ந்த பத்தாம் நாள், இரண்டு மடங்கு அகலத்தில் படர்தாமரை வளையம் திரும்பி வந்திருக்கும்.

அந்த டியூபைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் மூன்று நான்கு மருந்துகளின் பெயர் இருக்கும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்வது ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்று அதற்குப் பல பெயர். அரிப்பை அடக்கியது இந்த ஸ்டீராய்டுதான். பூஞ்சையை எதிர்த்து நம் தோல் காட்டும் எதிர்ப்புதான் அரிப்பும் சிவப்பும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. பூஞ்சை தடையில்லாமல் உள்ளுக்குள் பரவுகிறது. வளையத்தின் உருவமே கலைந்துபோவதால், பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் இன்ன நோய் என்று சட்டென்று பிடிபடாது. வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கிலும் அக்குளிலும் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு மறையாது. குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் ஸ்டீராய்டு இன்னும் அதிகமாக உடம்புக்குள் இறங்கும்.

இது ஏற்காட்டுக்கு மட்டுமான கதையல்ல. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் படர்தாமரையின் போக்கே மாறியிருக்கிறது. முன்பு சில வாரக் களிம்பில் போன நோய் இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி வருகிறது. இதற்குக் காரணமான பூஞ்சை ஒன்றுக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். ஜப்பானில் வசித்த இந்தியர், நேபாளி ஆகியோரின் தோலில் அதைக் கண்டதால் பெயரிலேயே நம் நாடு ஏறிவிட்டது. பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இதே பூஞ்சை இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அந்த நாட்டில் பதிவான முதல் நோயாளிகள் அவர்கள். டெர்பினாஃபின் என்ற மாத்திரைக்கு இந்தப் பூஞ்சை பல நேரம் மசிவதில்லை. ஆளாளுக்குக் கலவைக் களிம்பு தடவியதும் மாத்திரையைப் பாதியில் விட்டதும் இந்த நிலைக்குத் துணைபோயின என்பது தோல் மருத்துவர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு.

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகளும் இருந்தன. ஆனால் ஒரு கலவையைத் தடுத்தால், ஒரு பொருளை மாற்றி வேறு கலவை கடைக்கு வந்துவிடுகிறது. அதனால் தடைப் பட்டியலை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. டியூபைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்தான் கைகொடுக்கும்.

மாத்திரை விஷயம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. படர்தாமரை உடம்பில் பரவிவிட்டால் மருத்துவர் பெரும்பாலும் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதுவார். இது வயிற்று அமிலத்தில்தான் சரியாகக் கரையும். எனவே சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்த உடனே விழுங்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, ஒரு கடுங்காப்பி, அதோடு இந்தக் கேப்ஸ்யூலையும் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினால் மருந்தில் பாதி வீண். பேண்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளும் அமிலத்தைத் தணிக்கும் திரவ மருந்துகளும் இட்ராகோனசோல் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். ‘மருந்து கேட்கலை’ என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, அதை எப்போது, எதோடு சாப்பிட்டீர்கள் என்பதைத்தான்.

டெர்பினாஃபின் எழுதியிருந்தால் காப்பிக்காரர்களுக்கு வேறொரு செய்தி உண்டு. காஃபீன் உடம்பிலிருந்து வெளியேறும் வேகத்தை அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. வழக்கமான அளவே குடித்தும் படபடப்பு வருகிறது, தூக்கம் வரவில்லை என்றால் காப்பியைக் குறைத்துப் பாருங்கள். சாப்பாட்டில் ருசியே தெரியாமல் போவதும் இந்த மாத்திரையால் சிலருக்கு வரும். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கிரைசியோஃபுல்வின் என்ற பழைய மாத்திரை எழுதியிருந்தால் எண்ணெய், கொழுப்பு உள்ள உணவோடு சாப்பிடுவது நல்லது. அது சாப்பிடும் நாட்களில் மது கூடாது.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதுதான் பலருக்கும் தெரியாத ஆபத்து. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல ஏற்பாடு. தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த மாத்திரைப் பையை அப்படியே கையில் எடுத்துப் போங்கள். ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையோடு கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினை இட்ராகோனசோலோடு சேர்க்கவே கூடாது; தசை சிதையும் அபாயம் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர் இட்ராகோனசோலும் சேர்த்தால் கால் வீக்கம் கூடலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் சொல்லாமல் விட்டால் ரத்தக்கசிவு வரை போகும். இதயச் செயலிழப்பு வந்தவர் அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இட்ராகோனசோல் இதயத்தின் வலுவைக் குறைக்கக்கூடியது. கர்ப்பிணிகளும் பிள்ளைக்குத் திட்டமிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளில் எதையும் தொடக் கூடாது. கிரைசியோஃபுல்வின் சாப்பிட்ட ஆண்கள் நிறுத்திய பிறகும் பிள்ளைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, சோற்றைக் கண்டாலே குமட்டுவது, மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, உடம்பெல்லாம் தடித்துக் கொப்புளிப்பது: இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களிம்பு மட்டும் எழுதியிருந்தால் தோல் மருத்துவர்கள் சொல்லும் ஒரு கணக்கு நினைவில் நிற்கும். புண் தெரியும் இடத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தடவுங்கள், பொதுவாக நாளைக்கு இரண்டு வேளை. புண் முழுக்க மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாதீர்கள். இந்தக் கடைசி இரண்டு வாரத்தைத்தான் யாரும் செய்வதில்லை. மாத்திரையும் அப்படித்தான், சிகிச்சை நான்கு வாரமோ அதற்கு மேலோ போகும். அரிப்பு நின்ற நாளன்று பாதி அட்டையை அலமாரியில் வைத்துவிடக் கூடாது. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே மருத்துவம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே துண்டு, ஒரே போர்வை வழியாக நோய் வீட்டுக்குள்ளேயே சுற்றும். துணியை வெயிலில் போடச் சொல்வது இங்கே கேலிப் பேச்சு. வெந்நீரில் துவைத்து, உள்ளாடையின் தையல் மடிப்பில் நன்றாகச் சூடேறும்படி இஸ்திரி போடுங்கள்.

ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் காட்டலாம். ஆறாமல் இழுத்துக்கொண்டு போனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய சோதனை செய்தாலே பூஞ்சைதானா, வேறா என்று தெரிந்துவிடும். பல மாதம் களிம்பு தடவியவர் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. எஸ்டேட் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது சட்டம் நிர்வாகத்தின் மேல் வைத்த கடமை. வைத்தியத்துக்குப் போக எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இனி கடையில் உங்களுக்கு உள்ள உரிமை. இட்ராகோனசோல், டெர்பினாஃபின் மாத்திரைகள் எச் அட்டவணை மருந்துகள். அட்டையில் சிவப்புக் கோடும் சிவப்பில் ஆர்எக்ஸ் குறியும் இருக்கும். சீட்டில்லாமல் இவற்றைத் தருவது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளுக்கு மாறானது. அதே விதிகள் இன்னும் இரண்டு விஷயம் சொல்கின்றன. மறுபடி தரலாம் என்று மருத்துவர் எழுதாதவரை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. போன வருடச் சீட்டும் மச்சானின் சீட்டும் செல்லாது. சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதில் ‘இதுவும் அதேதான்’ என்று வேறொன்றைக் கடைக்காரர் தன்னிஷ்டத்துக்குத் தரக் கூடாது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவரிடமே சொல்லி, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ மக்கள் மருந்தகங்களிலோ கிடைக்கும் மருந்தாக எழுதி வாங்குங்கள்.

பில் கட்டாயம் கேளுங்கள். அதில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். காலி அட்டையையும் டியூபையும் சிகிச்சை முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியே புகார் பதியலாம். சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்கு எழுதலாம். தவறான மருந்தால் செலவும் துன்பமும் நேர்ந்திருந்தால் 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அல்லது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

வாங்கிய கேப்ஸ்யூலில் சரக்கு சரியில்லை என்று சந்தேகம் வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, எந்தக் குடிமகனும் தான் வாங்கிய மருந்தை, உரிய கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறலாம். அதற்கு அந்த பில்லும் பிரிக்காத அட்டை ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.